பெரிய வெள்ளியில் சிவந்த குழாய்

சாந்தமேரி கிள்ளானில் பிறந்தவள். அப்பா இக்னேஷியஸ் அங்கே ரயில்வே கேட்டில் காவல் வேலை. ரயில் வரும் நேரம் தவறினாலும் தவறும், அவர் வீட்டில் செபம் தவறாது. அந்த வீட்டிலிருந்து, ரயில்வேக்காரர்கள் நிறைந்த நகரத்துப் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டிச் சாமானும், அம்மா கற்றுக்கொடுத்த வழக்கங்களும். சாமானில் பாதி முதல் வருஷத்திலேயே உடைந்து நெளிந்து போயிற்று. வழக்கங்கள் மட்டும் ஒரு கீறல் விழாமல் அப்படியே இருந்தன.

அவற்றில் ஒன்று இது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் பூசையில் கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் வீட்டில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சனிக்கிழமை காலை கோயிலில் புதுத் தீ மந்திரிப்பார்கள். அந்தத் தீயைக் கொண்டுவந்து ஏற்றும்வரை வீட்டில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது. ஆண்டவர் கல்லறையில் கிடக்கும்போது நமக்கு என்ன சூட்டுக் கஞ்சி வேண்டிக்கிடக்கிறது என்று அம்மா கேட்பாள். இதை எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிள்ளான் கேட் வீட்டில் யாரோ தொடங்கி வைத்ததை மேரி பிரிக்ஃபீல்ட்ஸ் வரை பத்திரமாகக் கொண்டுவந்தாள்.

கணவர் கிரிகரி ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி. முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்ல உயரம், கோயிலில் பாடினால் பின் வரிசைவரை கேட்கிற குரல். 1922ஆம் வருஷம் மழைக்காலத்தில் அவருக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது. கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடித்தார். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு கரைந்துகொண்டே போயிற்று. அவர் சிறுநீர் கழிக்கும் கொல்லைப்புறச் சாக்கடை ஓரம் எறும்புகள் சாரை சாரையாக வந்து மொய்த்தபோது, பக்கத்து வீட்டு வீரம்மாதான் முதலில் பார்த்தாள். அவள் புருஷனுக்கு ரயில் பட்டறையில் வேலை. இரண்டு வீட்டுப் பின்வாசலும் ஒரே சந்துக்குள் திறந்தன.

“மேரி, இது நல்லதுக்கில்ல. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் எறும்பு வந்துச்சு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ.”

மாமாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று மேரி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் பார்த்தார். டாக்டருக்கு உதவியாக இருந்த டிரெஸ்ஸர் சபாபதி, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதட்டாமல் பேசுகிற மனிதர். வியாதிக்குப் பெயர் நீரிழிவு. மருந்து கிடையாது. சோறு, கிழங்கு, சீனி, பழம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். முட்டை, மீன், இறைச்சி, மூன்று தண்ணீரில் வேகவைத்து வடித்த கீரை, இவைதான் இனிச் சாப்பாடு. வாரத்தில் ஒரு நாள் அதுவும் இல்லாமல் வெறும் ரசமும் கறுப்புக் காப்பியும். எதையும் அவராகக் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது.

“ஆயுசு முழுக்கவா சார்?” என்று கிரிகரி கேட்டார்.

சபாபதி டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பினார். “கனடாவில ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்கினமாம். ஊசி மருந்து. சாகக் கிடந்த பிள்ளைகள் எழும்பி இருக்குதுகளாம். இன்னும் இந்தப் பக்கம் வரேல்ல. ஒரு வருஷத்துக்குள்ள கப்பலில வந்திடும் எண்டு டாக்டர் சொல்லுறார். அதுவரைக்கும் உயிரைப் பிடிச்சு வைச்சிருக்க வேணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். கப்பல் வரும்வரை கிரிகரி சாகாமல் இருக்க வேண்டும். அன்றிலிருந்து மேரியின் வாழ்க்கையில் வேறு வேலை இல்லை என்றே சொல்லலாம்.

சபாபதி அவளுக்கு இரண்டு சோதனை கற்றுக்கொடுத்தார். ஒரு ஸ்பிரிட் விளக்கு, சில கண்ணாடிக் குழாய்கள், இரண்டு புட்டி மருந்து. நீல மருந்தில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறமானால் சர்க்கரை கொட்டுகிறது. இது ஒன்று. இன்னொன்று பழுப்பு மருந்து. இதற்குத் தீ வேண்டாம். சிறுநீரில் நேராகச் சொட்டு விட்டாலே போதும். சும்மா மஞ்சளாகக் கலங்கினால் பயமில்லை.

“முந்திரிச்சாறு போல, திராட்சை ரசம் போலச் சிவந்தா, பிள்ளை, ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. சோறு இல்லாத உடம்பு தன்ர கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். எரிஞ்ச புகை மாதிரி ஒரு அமிலம் ரத்தத்தில ஏறும். முதலில மயக்கம், பிறகு பெருமூச்சு. மூச்சு நீண்டுட்டா நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது. அதுக்கு முன்னம் கொண்டுவந்தா சோடா உப்புத் தண்ணியும் கஞ்சியும் குடுத்துத் திருப்பலாம்.”

அதிகம் சாப்பிட்டால் சர்க்கரை. சாப்பிடாமலே விட்டால் அமிலம். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை, அதில்தான் அந்த மனிதர் நடக்க வேண்டும். பள்ளிக்கூடம் நாலாவதோடு நின்ற மேரி இதைப் புரிந்துகொண்டாள். தினமும் காலையில் சமையற்கட்டு மூலையில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, முதலில் நீலம், பிறகு பழுப்பு. கிரிகரி நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குழாயைப் பார்க்க மாட்டார்.

மாதங்கள் போயின. செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி நின்றது. எறும்புகள் குறைந்தன. ஆனால் கிரிகரியின் கன்னம் ஒட்டிப்போயிற்று. பாடினால் ஒரு வரி முடிவதற்குள் மூச்சு வாங்கியது. கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் போகவே அதை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் பாஸ்கு என்னும் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தது.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்த கிரிகரி, இந்த வருஷம் முழு ஒருசந்தி இருக்கப்போவதாகச் சொன்னார். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர், பிறகு ஒரு வேளை கீரை. இறைச்சி இல்லை, முட்டை இல்லை. சபை விலக்காத மீனையும் அவராகவே விலக்கினார். மேரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். டாக்டர் சோற்றை எடுத்துவிட்டார், இவர் மீதியை எடுத்துவிட்டால் தட்டில் என்ன இருக்கும்?

“நோயாளிக்கு ஒருசந்திக் கடன் கிடையாதுன்னு கோயில் சாமியாரே சொன்னாருங்க.”

“கடன் இல்லன்னுதான் சொன்னாரு. இருக்கக் கூடாதுன்னு சொல்லலியே.”

“உடம்புல என்னங்க இருக்கு? காத்தடிச்சா விழுந்துருவீங்க.”

“மேரி, இங்க பாரு. அந்த மருந்து கப்பல் ஏறணும்னா மேல இருக்கறவரு மனசு வைக்கணும். ஒண்ணுமே குடுக்காம கேட்டா எப்படி? பாஸ்கு வரைக்கும் இருக்கேன்னு நேந்துக்கிட்டேன். நேர்ச்சைய முறிச்சா நான் பொழைக்க மாட்டேன்.”

நேர்ச்சை என்ற சொல்லுக்கு மேரி கட்டுப்பட்டாள். அவள் வளர்ந்த வீடு அப்படி. ஆஸ்பத்திரியில் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டதற்கும் தலையாட்டினாள்.

சோதிப்பது போல, முதல் வாரத்திலேயே நீல மருந்து பளிச்சென்று நீலமாக நின்றது. இத்தனை மாதத்தில் அப்படி நின்றதே இல்லை. கிரிகரி எழுந்து வந்து முதல் தடவையாகக் குழாயைப் பார்த்தார். கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “பாத்தியா? பாத்தியா?” என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். சாக்கடை ஓரம் ஒரு எறும்பு இல்லை. பட்டினி கிடக்கிற உடம்பில் சர்க்கரை எங்கிருந்து வரும்? அது அவருக்கு அற்புதமாகத் தெரிந்தது. மேரிக்கும் கொஞ்சம் அப்படித்தான் தெரிந்தது, அதை மறைப்பானேன்.

தபசு காலத்தின் நடுவில் ஒரு நாள் பழுப்பு மருந்து சிவந்தது. மேரி குழாயைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அடுத்த கணம் ரிக்‌ஷா பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். சபாபதி குழாயைப் பார்த்தார், கிரிகரியைப் பார்த்தார்.

“வேற ஏதாவது மருந்து குடிச்சனீங்களோ?”

“தலைவலிக்குப் பொடி போட்டேன் சார். நேத்தும் இன்னிக்கும்.”

சபாபதி குழாயைத் தீயில் காட்டிக் கொதிக்க வைத்தார். சிவப்பு அப்படியே இருந்தது. அவர் முகம் தெளிந்தது. “தலையிடிப் பொடிக்கும் இந்த நிறம் வரும். கொதிக்க வைச்சாத் தெரியும். நிறம் நிண்டா பொடி, பயமில்லை. நிறம் ஓடிட்டா அதுதான் அமிலம். விளங்கிச்சோ பிள்ளை?”

விளங்கிச்சு என்று மேரி தலையாட்டினாள். பக்கத்தில் கிரிகரியும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அந்த அறையில் பாடம் படித்தவர்கள் இரண்டு பேர்.

அதன் பிறகு வீட்டில் ஒரு வாசனை வரத் தொடங்கியது. கனிந்து அளிந்து போன அன்னாசிப் பழம் எங்கேயோ மூலையில் கிடப்பது போல. மேரி அலமாரிக்குப் பின்னால் தேடினாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள். ஒன்றும் இல்லை. பெரிய வாரம் தொடங்கிய நாளில், அவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட நெருங்கி நின்றபோதுதான் தெரிந்தது, வாசனை அவர் வாயிலிருந்து வருகிறது. பழம் சாப்பிடாத மனிதர் வாயில் பழ வாசனை. உடனே பழுப்பு மருந்தை விட்டுப் பார்த்தாள். லேசாக, பாக்குச் சாயம் போல ஒரு சிவப்பு. கொதிக்க வைத்தாள். இருந்ததா ஓடியதா என்று சொல்ல முடியாத அளவு மங்கல்.

“பாஸ்குக்கு இன்னும் சில நாளுதானே மேரி. முடிச்சதும் நானே ஆஸ்பத்திரிக்கு வரேன், போதுமா?”

அவள் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பெரிய வியாழன் பூசையில் மணிகள் ஒன்றாக அடித்து ஓய்ந்தன. வீட்டுக்கு வந்து மேரி அடுப்புக் கரியில் தண்ணீர் தெளித்தாள். சுவரொட்டி விளக்கை ஊதி அணைத்தாள். ஸ்பிரிட் விளக்கை மூடிபோட்டு வைத்தாள். கை பழக்கத்தில் செய்தது, மனசு கேள்வி கேட்கவில்லை.

பெரிய வெள்ளி காலையில் நீல மருந்தைத் தொடவில்லை, அதற்குத் தீ வேண்டும். பழுப்பு மருந்துக்குத் தீ வேண்டாம் அல்லவா? அதை மட்டும் விட்டாள். முதல் சொட்டு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு பரவியது. குழாயைக் குலுக்கினாள். பூசையில் பாத்திரத்தில் இருக்கிற முந்திரிச்சாற்றின் அதே ஆழமான நிறம்.

“என்னங்க…”

கிரிகரி கட்டிலில் சாய்ந்திருந்தார். கண் சற்றுச் செருகியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஓ, அதுவா? நேத்து தலவலி. பொடி ரெண்டு போட்டேன்.”

“எப்பப் போட்டீங்க? நான் பாக்கலியே.”

“நீ கோயில்ல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தே. போட்டேன்னு சொல்றேன்லா.”

“கொதிக்க வச்சுப் பாத்துர்றேன். ஒரு நிமிசம்.”

“மேரி.” அவர் குரல் இறங்கியது. “இன்னிக்கு ஆண்டவரு செத்துக் கெடக்கற நாளு. நீ சொல்லிக் குடுத்ததுதானே இது? எங்க வீட்டுல இந்த வழக்கமே கெடையாது. இத்தன வருசம் இருந்துட்டு இன்னிக்கு எனக்காக முறிப்பியா? நாளைக்குக் காலையில தீ வந்துரும். அப்பப் பாரு.”

தீப்பெட்டி மாடத்தில் இருந்தது. மேரி போய் அதன் முன்னால் நின்றாள். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இந்தக் கதையை யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். நோன்பு இருக்கிற மனிதர் பொய் சொல்வார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு பயமும் உள்ளே இருந்தது. தீ கிழித்துவிட்டு, அதனாலேயே அவர் நேர்ச்சை பாழாகி, அதனாலேயே கப்பல் வராமல் போனால்? படித்தவர்கள் சிரிக்கலாம். அவளுக்கு அந்தப் பயம் நெருப்பைவிட நிஜமாக இருந்தது.

ஆனாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. வெயில் ஏறிய பிறகு குழாயை முந்தானையில் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீரம்மா வீட்டுக்குப் போனாள். தன் வீட்டில் தீ மூட்டத்தானே கூடாது? அடுத்த வீட்டு அடுப்பு எரிந்தால் அது யாருடைய குற்றம்? வீரம்மாவின் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் சமையற்கட்டைக் கழுவி, அடுப்பில் கோலமிட்டு, மாடத்தில் விளக்கேற்றியிருந்தாள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைத்த வீட்டில் வெள்ளிக்கிழமை நெருப்புக் கேட்பதே தப்பு. அதுவும் அந்த அடுப்பில் மூத்திரக் குழாயைக் காட்ட வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

“வா மேரி, என்ன வேணும்?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்.”

“அவரு எப்படி இருக்காரு?”

“இருக்காருக்கா.”

திரும்பி வந்துவிட்டாள்.

பிற்பகலில் கிரிகரி பிடிவாதமாகக் கோயிலுக்கு நடந்தார். மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டிய சத்தம் தெருவரை கேட்டது. சிலுவையை முத்தமிட முழங்காலில் விழுந்தவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. “பக்திய பாருங்க” என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தார். வயிறு வலிக்கிறது என்றார். தண்ணீர் கேட்டார், குடித்தார், மறுபடி கேட்டார். இருட்டிய வீட்டில் விளக்கில்லாமல் மேரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை உருட்டினாள். விடியும்போது அவர் மூச்சு மாறியிருந்தது.

சனிக்கிழமை காலை கோயில் வாசலில் கல்லில் தட்டிப் புதுத் தீ மூட்டினார்கள். சாமியார் அதை மந்திரித்து முடிக்கும்வரை மேரி முதல் ஆளாக நின்றாள். அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு, பூசைக்குக் காத்திருக்காமல், பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அடுப்பை ஏற்றவில்லை. சுவரில் சுரூபத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவத்தியை ஏற்றவில்லை. ஆண்டவரின் அந்தத் தீயால் அவள் முதலில் ஏற்றியது ஸ்பிரிட் விளக்கைத்தான்.

புதிதாக எடுத்த சிறுநீரில் பழுப்பு மருந்தை விட்டாள். நேற்றையதைவிடக் கறுத்த சிவப்பு. குழாயைத் தீயில் பிடித்தாள். கொதி வந்தது. நிறம் நிற்க வேண்டுமே, பொடியாக இருக்க வேண்டுமே, சேசு மரி சூசை, பொடியாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

சிவப்பு வெளுக்கத் தொடங்கியது. ரோஜா நிறமாயிற்று. பிறகு அதுவும் இல்லை. வெறும் மஞ்சள் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

அவள் குழாயோடு கட்டிலுக்கு வந்தாள். கிரிகரி கண்ணை மூடி, நீளமாக, அடிவயிற்றிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க அந்த அளிந்த பழத்தின் வாசனை.

“என்னங்க. நெசத்தச் சொல்லுங்க. பொடி போட்டீங்களா?”

கண் திறந்தது. அவளைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. இல்லை என்று தலை அசைந்தது.

“ஏங்க?”

“சொன்னா… கஞ்சி குடுத்துருப்பே.” ஒரு பெருமூச்சு. “கொஞ்சம்தானே… பாக்கி இருந்துச்சு.”

ரிக்‌ஷாவில் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு போனாள். சபாபதி வராந்தாவிலேயே அந்த மூச்சைக் கேட்டுவிட்டார். ஒன்றும் கேட்காமல் வார்டுக்குள் கொண்டுபோனார். சோடா உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றினார்கள், குழாய் வைத்துக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள், கால்களுக்குச் சூடு வைத்தார்கள். டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். கிரிகரி பிறகு பேசவில்லை. பாஸ்கு ஞாயிறு காலை, கோயில்களில் எல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, அந்த நீண்ட மூச்சு நின்றது.

கோயில் ஜனங்கள் எல்லோரும் வந்தார்கள். முழுத் தபசு காலமும் ஒருசந்தி இருந்து, ஒரு நாளும் முறிக்காமல், உயிர்த்த ஞாயிறன்று கண்ணை மூடிய மனிதர் என்று சேதி பரவிவிட்டது. பெண்கள் அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “இப்படிச் சாவு யாருக்குக் கெடைக்கும்? கொடுத்து வச்சவரு, நேரா மோட்சம்தான்” என்றாள் ஒருத்தி மேரியின் தோளை அணைத்து. மேரி அவள் முகத்தைப் பார்த்த பார்வையில் அந்தக் கை தானாக விலகியது.

கூட்டம் கல்லறைக்குப் போய்த் திரும்பிய பிறகு, வீரம்மா பின்வாசல் வழியாக ஒரு சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். மேரிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊதி ஊதி ஆற்றினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“வெள்ளிக்கெழம பின்வாசல்ல வந்து நின்னியே மேரி. ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்துச்சு. என்னா கேக்க வந்தே?”

மேரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெருப்புக்கா.”

“நெருப்பா?” வீரம்மாவுக்குப் புரியவில்லை. “அட, கேட்டுருக்கலாம்லா. வெள்ளிக்கெழமன்னா என்னா, ஒனக்கு இல்லன்னா சொல்லிருப்பேன்?”